சுபாஸ் சுட்ட குரக்கன் பிஸ்கட்

எங்கள் மருமகன் சுபாஸ் பகலில் தூங்குகிறவர். பூனாகலைத் தோட்டத்தில் எல்லோரும் காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில் அவர் பண்டாரவளை பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர்களுக்கு எதிரே நடந்து வருவார். தலைமுடியில் கோதுமை மா, புருவத்தில் மா, காது மடலில் மா. காலைப் பனி மலையை மூடியிருக்கும்போது பார்த்தால், அந்தப் பனியே கொஞ்சம் கெட்டியாகி ஆள் உருவம் எடுத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

இந்தக் கதையை என்னிடம் கேட்டு எழுதுகிறவர்கள் அவரைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்று எழுதட்டுமா, அதுதான் கதைக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். கதைக்கு நன்றாக இருந்தால் இருக்கட்டும். மருமகனை நான் அவன் இவன் என்று சொன்னதில்லை. 'அவர்' என்றே எழுதுங்கள்.

பேக்கரியில் பாண் போடுகிறவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னது உண்மைதான். பேக்கரிக்காரருக்கு இரவு கிடையாது. நாம் எழும்பும்போது அவர் படுப்பார். இப்படி ஒருவரோடு என் மகள் எப்போது பேசுவாள், எப்போது சண்டை போடுவாள்? ஆனால் வதனி என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா, என்னைவிடப் பிடிவாதம். கட்டிக்கொண்டாள்.

பகல் தூக்கத்தில் கனவு அதிகமாக வருமோ என்னவோ. பின்னேரம் எழும்பி, தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ட கனவைச் சொல்வார். பாதி இன்னும் அங்கேயே இருப்பார்.

"அத்தே, மலை முழுக்க மா கொட்டிக் கெடக்கு. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க எல்லாம் மாவ அள்ளி அள்ளிக் கூடையில போடுறாங்க. சத்தமே இல்ல. கங்காணி தராசுல வச்சுப் பாத்து, ஈரமா இருக்குன்னு நிறுவையில கழிக்கிறாரு."

"கனவுலயும் கழிக்கிறாரா?"

"கூடக் கழிக்கிறாரு."

அவர் வேலை செய்வது அலவி முதலாளியின் பேக்கரியில். பண்டாரவளைக் கடைத்தெருவுக்குப் பின்னால், இறக்கத்தில் இருக்கிறது. இளவட்டமாக இருந்தபோது தட்டம் கழுவப் போனவர், இப்போது மா பிசைவதும் அவர்தான், பெரிய செங்கல் போறணையில் பாண் வைத்து எடுப்பதும் அவர்தான். ஒரு நாள் நான் அங்கே போயிருந்தேன். போறணையின் வாயைத் திறந்தபோது உள்ளே பாண்கள் வரிசையாக, ஏதோ பெருமூச்சு விட்டு உப்பியவை போல இருந்தன. அவர் அவற்றைப் பார்த்த பார்வையில், இவர் என் மகளை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வந்தாலும் நான் சொல்லவில்லை.

லதுஷா பிறந்தாள். நடை பழகுகிற வயதில் ஒரு காலை, அவர் கொண்டுவந்த பணிஸில் ஒரு துண்டு பிய்த்து அவள் வாயில் வைத்தார். சற்று நேரத்தில் பிள்ளையின் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. தோட்டத்து லொறியில் தூக்கிப்போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இரகுநாதன் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், மூச்சைச் சீராக்கி, இரண்டு நாள் வைத்திருந்து, இரத்தமெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. ஆனா கோதுமை மா இவவுக்கு எந்த விதத்திலயும் ஒத்துவராது. பாண், பணிஸ், பிஸ்கட், ரொட்டி, ஒண்டும் குடுக்காதேங்கோ. மாத் தூசியும் கவனம். தகப்பனுக்கு என்ன வேலை?"

வதனி சொன்னாள். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து சுபாஸ் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேரே வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குக் கீழே பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில், அந்தக் குளிரில், தலை முழுகிவிட்டுத்தான் வருவார். பேக்கரி உடுப்பு பையில் கட்டி அங்கேயே கொய்யாக் கிளையில் தொங்கும். மூன்றாவது வீட்டு ரெங்கம்மா தண்ணீர் பிடிக்க வரும்போது விடமாட்டாள்.

"என்னா சுபாசு, தினமும் சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி முழுகுற?"

"ஆமாங்க அக்கா. பாண் செத்துப்போச்சு. அடக்கம் பண்ணிட்டு வர்றேன்."

எங்கள் லயத்தில் ரொட்டி சுடாத அடுப்பு எங்கள் அடுப்பு மட்டும்தான். கோதுமை மாவை வாசலுக்குள் எடுப்பதில்லை. பேத்திக்காக நான் ரொட்டியை விட்டுவிட்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நான் விடவில்லை. ரெங்கம்மா வீட்டில் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, கை கழுவி, சேலை உதறித்தான் வருவேன்.

பிள்ளை வளர்ந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அவளுடைய நப்லா டீச்சர் பண்டாரவளையிலிருந்து வருகிறவர். அந்த வகுப்பில் வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் நடுவில் வைத்து, பிய்த்துப் பிய்த்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். எல்லாம் ரொட்டியும் பணிஸும்தான். அந்த நேரத்தில் லதுஷா ஜன்னலோரத்து வாங்கில் தன் டப்பாவோடு தனியே உட்கார்ந்திருப்பாள். டீச்சர் நல்ல மனுஷிதான், வேறு வழி இல்லை. பிள்ளையும் அதைப் பற்றி வீட்டில் குறை சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலையில் பனி எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று மட்டும் வந்து சொல்வாள். அத்தனை நேரம் அதைத்தான் பார்த்திருக்கிறாள் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்த வருஷம் அவளுடைய பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. பிறந்தநாளுக்கு வகுப்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். டொபி, கேக் எல்லாம் பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சீனி கூடாது. ஒரு பகலில் அவள் அப்பா படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதுக்குள் கேட்டாள்.

"அப்பா, நானும் திங்கிற மாதிரி, அவங்களும் திங்கிற மாதிரி ஒரு பிஸ்கட் இருக்கா?"

"இருக்கு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

தூக்கத்தில் சொன்னாரா விழிப்பில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. பிள்ளை மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டாள். எங்க அப்பா பிஸ்கட் கொண்டு வருவாரு, அன்னிக்கு நானும் பாயில உக்காருவேன் என்று. டீச்சர் அதைக் கேட்டு, தன் பங்குக்கு ஒன்று சொல்லி அனுப்பினார். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது, இன்னொரு வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை தொடமாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

சுபாஸ் அலவி முதலாளியிடம் போய் யோசனை கேட்டார். அவர் சொன்னதை வந்து எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"கோதுமையும் வாணாம், முட்டையும் வாணாம், கச்சானும் வாணாம், சீனியும் கொறவு. அப்ப என்னத்தயடா மகன் சுடப்போற, காத்தயா?"

அப்படிக் கேட்டவர்தான், போறணையை ஒரு நாள் அணைத்துக் கழுவித் தரட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தச் செங்கல் எத்தனை வருஷமாக மாவைக் குடித்திருக்கிறது, கழுவினால் போகுமா?

ஆகவே லயத்துக்குப் பின்னால் ஒரு போறணை கட்டினார். பாதித் தகர பீப்பாய், அதன்மேல் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானிலிருந்து வெட்டிய மண் பூச்சு. கீழே தணல், மூடியின் மேலும் தணல். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் சுடுகிற வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள். கேழ்வரகு என்பார்களே, அந்தக் குரக்கன் மா, அரிசி மா, கருப்பட்டி, தேங்காய்ப் பூ, கனிந்த வாழைப்பழம், ஏலக்காய். இவற்றோடு ஒவ்வொரு பின்னேரமும், தூக்கம் கலைந்தும் கலையாமலும், அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். புகையும் பனியும் ஒன்றாகக் கலந்து, கருப்பட்டி வாசம் லயம் முழுக்க நடந்து திரியும். வேலை முடிந்து ஏறி வருகிற பெண்கள் கூடையை இறக்காமலே நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள்.

வாசம் வந்தது. பிஸ்கட் வரவில்லை. தட்டத்திலிருந்து எடுக்கப் போனால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கோதுமைக்கு ஒண்ணோட ஒண்ணு கையப் புடிச்சிக்கிற கொணம் இருக்கு அத்தே. இந்தக் குரக்கன் ஒவ்வொண்ணும் தனித்தனி ஆளு," என்றார்.

மாவைப் பிட்டுக்கு அவிக்கிற மாதிரி அவித்துவிட்டுப் பிசையச் சொன்னேன். அவர் மறுக்காமல் செய்தார். அது உதிரவில்லை. வதனி கடித்துப் பார்த்துவிட்டு, அம்மா, இத வச்சு லயத்துக்குச் செவரு கட்டலாம் என்றாள். பல்லுக்கு வேலை வைக்கிற பிஸ்கட் நல்லதுதான் என்பது என் எண்ணம். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம்.

உதிர்ந்ததையெல்லாம் லதுஷா உள்ளங்கையில் அள்ளித் தின்றாள். உதடு வீங்கவில்லை, மூச்சு இழுக்கவில்லை. ஆனால் உதிர்ந்த தூளைக் கொண்டுபோய் வகுப்பில் எப்படிக் கொடுப்பது? அந்த நாட்களில் அவர் கண்ட கனவையும் சொல்கிறேன். மலைப் பாதையில் குரக்கன் மணியெல்லாம் ஆளுக்கொரு குடையோடு மழையில் போய்க்கொண்டிருந்ததாம். இவர் பின்னாலேயே போய்க் கூப்பிட்டாராம், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

பிறந்தநாளுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, பகல் மூன்று மணிக்கெல்லாம் எழும்பிவிட்டார். வதனி குரக்கன் மாவையும் அரிசி மாவையும் அளந்து சட்டியில் போட்டுக்கொடுத்தாள். அவர் கருப்பட்டிப் பாகை ஊற்றிப் பிசைந்தார். அன்றைக்கு மா உருண்டு வந்தது. தட்டினால் வட்டமாக நின்றது. சுட்டு எடுத்தபோது ஓரம் உடையாமல், மேலே மெல்லிய வெடிப்போடு, கடைக் கண்ணாடிக்குள் இருப்பது போல ஒவ்வொன்றும் ஒரே அளவு. நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தோம். பனி இறங்கி எங்கள் முழங்கால்வரை வந்திருந்தது. அந்தத் தட்டம் மட்டும் பனியின் மேல் மிதக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. லதுஷா ஒன்றைக் கையில் எடுத்து, ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சுபாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து மெதுவாக இரண்டாக வளைத்தார். அது உடனே உடையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு உடைந்தது.

"பாப்பா, அத வச்சிரு," என்றார்.

"அழகா இருக்கே அப்பா."

"வச்சிரு. வாயில வைக்காத."

அவள் அதைத் தட்டத்திலேயே திரும்ப வைத்தாள். விரலை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை. வதனி ஓடிவந்து அந்த விரலைப் பிடித்து, கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"மாப்பிள்ள, நல்லா வந்தத சந்தேகப்பட்டா எப்பிடி?" என்றேன் நான்.

"நல்லா வந்ததுதான் அத்தே சந்தேகம்."

"இத்தன நாளு ஒங்க கைக்கு வராதது இன்னிக்கு வந்திருக்கு. சாமி குடுத்ததுன்னு வச்சுக்கங்க."

"சாமிக்குக் குரக்கன் தெரியும் அத்தே. அது இப்பிடிப் பண்ணாது."

நான் விடவில்லை. நாளைக்குப் பிள்ளை எதைக் கொண்டுபோவாள், சும்மா ஒரு நினைப்புக்காக இவ்வளவு நல்ல பிஸ்கட்டைக் கொட்டுவதா என்று சத்தம் போட்டேன். பார்த்த கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நான் பேசியது நியாயம்தான்.

அவர் சட்டியில் ஒட்டியிருந்த மாவை வழித்து ஓர் உருண்டை எடுத்தார். ஒரு கோப்பைத் தண்ணீரில் அதை வைத்து, விரல்களுக்கு நடுவே மெதுவாகப் பிசைந்து பிசைந்து கழுவினார். கோதுமையைக் கழுவினால் பசை மிஞ்சும், குரக்கனையும் அரிசியையும் கழுவினால் ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்றார். பேக்கரியில் மா வாங்கும்போது இப்படித்தான் சோதிப்பார்களாம். தண்ணீர் மாநிறமாகக் கலங்கியது. அதை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர். பிறகும் வேறு தண்ணீர். கடைசியில் அவர் இரண்டு விரலை விரித்துக் காட்டினார். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை, சிலந்தி நூல் மாதிரி இழுபட்டு, அறுந்து போகாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வதனி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஓடிப்போய் அரிசி மா டின்னை எடுத்துவந்தாள்.

அந்த டின் இரண்டு நாளைக்கு முன் ரெங்கம்மா வீட்டுக்குப் போய்வந்தது. அவர்கள் வீட்டுப் படையலுக்குக் கொழுக்கட்டை அவிக்க அரிசி மா கேட்டாள், டின்னோடு கொடுத்தோம். எங்கள் லயத்தில் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டுக் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் கொடுத்தால் அந்த வீட்டில் வறுமை வரட்டும் என்று சொன்ன மாதிரி.

ரெங்கம்மா விஷயத்தைக் கேட்டு, தன் மருமகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கொஸ்லந்தையிலிருந்து கலியாணம் கட்டி வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். எங்கள் வீட்டுச் சங்கதி அதற்கு எப்படித் தெரியும்?

"ஏன்டி, டின்ல கொஞ்சம் மா மிச்சம் இருந்துச்சே, அதோட என்னாத்தப் போட்ட?"

"மாதான் அத்தே. கொஞ்சமா குடுத்தா நல்லா இருக்காதுன்னு ரெண்டு சுண்டு போட்டேன்."

"என்னா மா?"

"ரொட்டி மா. நல்லா சலிச்சித்தான் போட்டேன்."

ரெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சலிச்சிப் போட்டாளாம்," என்றாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுபாஸ்தான் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சலிச்சிருக்கீங்க தங்கச்சி, ஒரு கட்டியில்ல," என்றார். அவர் பரிகாசம் பண்ணவில்லை. மா விஷயத்தில் அவருக்குப் பரிகாசம் தெரியாது.

அழகான பிஸ்கட்டையெல்லாம் ஒரு பையில் போட்டு அவர்களிடமே கொடுத்தார். சும்மா போனால் நன்றாக இருக்காது அல்லவா. அவர்கள் போன பிறகு லதுஷா கேட்டாள்.

"அப்ப நாளைக்கு நான் ஜன்னலுக்குப் பக்கத்துலதான் இருக்கணுமா?"

அவள் அழவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்திருக்கும்.

சுபாஸ் அலவி முதலாளிக்கு ஃபோன் போட்டு, இன்றைக்கு வேலைக்கு வர முடியாது என்றார். ஃபோனுக்குள்ளிருந்து அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"அப்ப நாளைக்கு ஊருக்குப் பாண் வாணாமா?" என்று கேட்டார். பிறகு காரணத்தைக் கேட்டுக்கொண்டார். "சரி, நானே சட்டயக் கழட்டிட்டு எறங்குறன். கருகினா ஒம்பேரச் சொல்லித்தான் விப்பேன்," என்றார்.

இப்போது சொல்கிறேன், தூக்கத்துக்குப் பிறந்த அந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் முழுக்க விழித்திருக்கக் கண்டேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். தட்டத்தைத் திரும்பவும் எடுக்கவே இல்லை, அதைத் தூரத்தில் வைத்துவிட்டார். பீப்பாயின் உள்பக்கத்தில் நெருப்பு வைத்து எரித்து, ஆறவிட்டு, தோல் உரிகிற மாதிரி பழைய மண்ணைச் சுரண்டிப் புது மண் பூசினார். கிழக்கு வெளுக்கிறபோது ரெங்கம்மா வீட்டு வாழையிலிருந்து இலை வெட்டி வந்து கழுவித் துடைத்து வைத்திருந்தார். அரிசி மா இல்லை. அந்த நேரத்தில் வேறெங்கும் போய் வாங்கவும் அவருக்கு மனமில்லை. குரக்கன் மட்டும்தான், கட்டிவைத்த பையிலிருந்து புதிதாக அவிழ்த்தது. அதைச் சேர்த்துப் பிடிக்க வாழைப்பழத்தைக் கூடுதலாகப் பிசைந்தார். ஒவ்வொன்றையும் ஓர் இலைத் துண்டில் தட்டி, இலையோடே வைத்துச் சுட்டார். கருகிய இலை வாசம் கருப்பட்டியோடு சேர்ந்து வந்தபோது, மலை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. பனி போறணையைச் சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இலையை விட்டு எடுக்காமல் அப்படியே ஒரு பெரிய டப்பாவில் அடுக்கினார். "எலதான் புடிச்சுக்கிட்டு இருக்கு. எல விட்டா விட்டுச்சு," என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு இறக்கத்தில் குறுக்குப் பாதை. அவர் டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் நிறைந்த குடத்தைக் கொண்டுபோகிறவர் போல ஒவ்வொரு அடியாக வைத்தார். லதுஷா புதுச் சட்டையோடு முன்னால் போனாள். நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால்தான் வருவேன் என்று நான் உட்கார்ந்திருக்கிறவளும் இல்லை. பாதி வழியில் தேயிலைக்குள்ளிருந்து மரை மாதிரி ஒரு நாய் பாய்ந்து குறுக்கே ஓடியது. அவர் விழவில்லை. ஆனால் டப்பாவுக்குள் மெல்ல ஒரு சரசரப்புக் கேட்டது.

பள்ளிக்கூட வாசலில் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் துண்டு துண்டு, மீதி தூள். இலைகளின் நரம்புக் கோடு பதிந்த துண்டுகள் அங்கங்கே கிடந்தன.

"ஒடஞ்சு போச்சு அப்பா," என்றாள் பிள்ளை.

"ஆமா பாப்பா," என்றார் அவர். கண் இரண்டும் சிவந்து, நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

அவள் டப்பாவுக்குள் வெகுநேரம் பார்த்தாள். கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் மூடியைப் போட்டு, டப்பாவைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

இடைவேளை மணி அடிக்கிறவரை நாங்கள் மதிலோரம் காத்திருந்தோம். பிறகு நப்லா டீச்சர் எங்களை வகுப்பு வாசலுக்கு வரச் சொன்னார். பாய் விரித்திருந்தது. மற்றப் பிள்ளைகளின் சாப்பாடெல்லாம் அப்பால் மேசையில் கட்டியது கட்டியபடி இருந்தது. டீச்சர் எல்லாரையும் கை கழுவ அனுப்பியிருந்தார், ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"இன்டெய்க்கு இது மட்டுந்தான். மத்தது பொறகு," என்றார் டீச்சர். "லதுஷா, இதுல என்னெல்லாம் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

அவள் பாயின் நடுவில் நின்று சொன்னாள். குரக்கன், கருப்பட்டி, வாழைப்பழம், தேங்காய்ப் பூ, ஏலக்காய். நிலக்கடலை இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, கோதுமை இல்லை. கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பிறகு டப்பாவைத் திறந்தாள்.

முன்னால் இருந்த ஒரு பயல் எட்டிப் பார்த்தான்.

"இது பிஸ்கட்டா, மாவா?"

சுபாஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன், டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அப்படி மூடியது எனக்கே ஆச்சரியம்.

"பிஸ்கட்டுதான்," என்றாள் லதுஷா. "கையில வாங்கித் திங்கிற பிஸ்கட்டு. கைய நீட்டு."

அவன் நீட்டினான். துண்டும் தூளுமாக அள்ளி அவன் கையில் போட்டாள். அடுத்த கை, அடுத்த கை. கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து நீட்டின பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் போட்ட பிறகு தன் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்தாள்.

வகுப்பு முழுக்க நக்குகிற சத்தம் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பனி வந்து நின்றது. இந்த முறை அதைப் பார்க்க அந்த வாங்கில் ஆள் இல்லை. மூக்கு நுனியில் தூள் ஒட்டிய அந்தப் பயல் மறுபடியும் கையை நீட்டினான்.

"அடுத்த கிழமையும் கொண்டாருவியா?"

"அப்பாக்கிட்டக் கேட்டுச் சொல்றேன்," என்றாள், பெரிய மனுஷி மாதிரி. உடனே பக்கத்துப் பிள்ளை ஏதோ காதில் சொன்னதற்கு, வாய் நிறையத் தூளோடு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். தூள் பறந்தது.

இவ்வளவு தூரம் நடந்து வந்த நான் வாசலில்தான் நிற்கிறேன். அவளுடைய அப்பாவும் நிற்கிறார். மணி அடித்துப் பாயைச் சுருட்டுகிறவரைக்கும் அவள் எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.